எம்எஸ்சி முடிச்சு அறிவியல் எழுத்துக்கு வர நினைக்கிறவங்களுக்கு

மதுரைல சயின்ஸ் படிக்கிற பிள்ளைங்க நிறைய பேர் கேக்குறாங்க, பிஎச்டி போகாம அறிவியல் பத்திரிகையாளர் ஆகலாமா, அதுக்கு ஜர்னலிசம் டிகிரி கட்டாயமான்னு. கட்டாயம் இல்ல. நானும் இங்க எம்எஸ்சி உயிரியல் முடிச்சு நேரா வந்தவன் தான். ஆய்வறிக்கைய நீங்களே உக்காந்து முழுசா படிக்கிற பழக்கம் தான் இந்த வேலைல சோறு போடும்.

கீழடியவே எடுத்துக்கோங்க. 2019ல மாநில தொல்லியல் துறை அறிக்கை வந்தப்ப 2600 வருஷப் பழமைன்னு எல்லா இடத்துலயும் தலைப்பு, ஆனா உள்ள படிச்சா காலத்தக் கணிக்க ஆறு கரி சாம்பிள அமெரிக்கால மயாமில இருக்குற பீட்டா அனலிட்டிக் லேபுக்கு அனுப்பிருக்காங்க, அதுல 353 செ.மீ ஆழத்துல எடுத்ததுக்குத் தான் கி.மு. 580ன்னு வந்துச்சு, 200 செ.மீ ஆழத்துல எடுத்ததுக்கு கி.மு. 205. அப்ப அங்க கிடைச்ச எல்லாப் பொருளுக்கும் ஒரே வயசு கிடையாதுல்ல? இந்தப் பானை ஓடு எந்த ஆழத்துல கிடைச்சுச்சுன்னு கேட்டா தான் செய்தியே ஆரம்பிக்கும். இப்படி எழுதுனா கீழடியோட பெருமை கொஞ்சமும் குறையாது, பல நூறு வருஷ வாழ்க்கை அந்தக் குழிக்குள்ள அடுக்கடுக்கா இருக்குன்னு வாசிக்கிறவங்களுக்கு இன்னும் நல்லா தெரியும்.

அறிக்கை எழுதுனவங்ககிட்ட பேசுங்க, அதோட அந்த ஆய்வுல சம்பந்தமே இல்லாத, அதே துறை ஆள் ஒருத்தர்கிட்டயும் கேளுங்க. இதத் தவிர்க்கவே கூடாது.

மக்கள்கிட்ட அறிவியல் கொண்டுபோற வேலைன்னா தேனி பொட்டிபுரத்தப் பத்தி படிங்க. 2015ல மத்திய அமைச்சரவை அங்க மலைக்குள்ள திட்டமிட்ட நியூட்ரினோ (அணுவவிடச் சின்னத் துகள்) ஆய்வகத்துக்கு சுமார் 1500 கோடி ஒதுக்க ஒப்புதல் குடுத்துச்சு, எதிர்ப்பு நிக்கவே இல்ல. நியூட்ரினோ நம்ம உடம்புக்குள்ளயும் ஊடுருவிப் போய்க்கிட்டே தான் இருக்குன்னு சொல்றது சரிதான், ஆனா மலைய வெடி வச்சுக் குடைஞ்சா எங்க தண்ணி என்னாகும்னு கேக்குறவங்களுக்கு அது பதில் இல்லைங்க. முதல்ல அவங்க கேள்விய காது குடுத்துக் கேக்கணும்.

வேலைய பொறுத்தவரை, அறிவியலப் பரப்ப மத்திய அரசு வச்சிருந்த விக்யான் பிரசார் நிறுவனத்தையும் 2023ல மூடிட்டாங்க, அதனால அரசு வேலைய மட்டும் நம்பி இருக்க வேணாம். தமிழ்ல எழுதுனா ஆரம்பத்துல காசு கம்மி தான், இங்கிலீஷ்லயும் சேத்து எழுதுங்க, ஆராய்ச்சி நிறுவனங்கள்ல வர்ற கம்யூனிகேஷன் வேலைக்கும் போடுங்க. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துல சேந்து ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட பேசிப் பழகுங்க, துளிர் மாதிரி சிறுவர் அறிவியல் இதழுக்கு எழுதிப் பாருங்க. எடிட்டருக்கு மெயில் போடுறப்ப ரெண்டு பாரா போதும்: புதுசா என்ன தெரிய வந்துச்சு, அத இப்ப ஏன் எழுதணும், யார் யார்கிட்ட பேசப் போறீங்க.