கோப்பில் இல்லாதவர், சர்வரில் இருப்பவர்

2025 மார்ச் 3, திங்கள், பெங்களூரு

அலுவலக லினக்ஸ் சர்வர்களின் யூசர் கணக்குகளை ஆன்சிபிளுக்குள், அதாவது பல சர்வர்களின் அமைப்பை ஒரே இடத்தில் எழுதி எல்லாவற்றிலும் செயல்படுத்தும் கருவிக்குள், கொண்டுவரும் பணி இன்று தொடங்கியது. இதுவரை அவரவர் கையால் கணக்குத் திறந்து வந்ததால், ஒரே ஆளுக்கு ஒரு சர்வரில் 1003 என்றும் இன்னொன்றில் 1007 என்றும் யுஐடி (யூசரை அடையாளம் காட்டும் எண்) அமைந்திருக்கிறது. சர்வர்களிடையே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் 3 முறையில் கோப்பின் உரிமையாளர் பெயராகச் செல்வதில்லை, அந்த எண்ணாகவே செல்கிறார். எனவே ஒருவருடைய கோப்பு அடுத்த சர்வரில் வேறொருவருடையதாகத் தெரிகிறது. சென்டோஎஸ் என்ற லினக்ஸ் வகையில் 6ஆம் பதிப்பு வரை சாதாரண யூசர்களின் எண்கள் 500இல் தொடங்கி, 7இல் 1000க்கு மாறியதால், பழைய இயந்திரங்களிலிருந்து வந்த கோப்புகளில் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆன்சிபிள் கோப்பில் பெயருக்குப் பக்கத்தில் யுஐடியையும் எழுதியே தீர வேண்டும்.

மார்ச் 5, புதன்

இன்று முழுவதும், யூசர்களுக்கு அனுமதிகளைத் தரும் குரூப்களோடு கழிந்தது. தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகும் இளைய தோழர், இதே வகைக் கருவியான பப்பெட்டில் பழகியவர், "அண்ணா, பட்டியலில் எழுதாத குரூப்பை இது தொடாதுதானே?" என்று கேட்டார். பப்பெட்டில் அது சரி. அங்கே உறுப்பினர் நிலையின் இயல்பு அமைப்பு 'மினிமம்', அதாவது எழுதியவை இருந்தால் போதும். ஆன்சிபிளில் கணக்குகளைக் கவனிக்கும் யூசர் மாட்யூலிலோ குரூப் பட்டியலைக் கொடுத்துவிட்டு 'அப்பெண்ட்' (இருப்பதோடு சேர்) என்பதை இயக்காமல் விட்டால், பட்டியலில் இல்லாத கூடுதல் குரூப்கள் அனைத்திலிருந்தும் அந்த ஆள் நீக்கப்படுகிறார். ஆயினும் நான் இந்தக் கண்டிப்பையே விரும்புகிறேன். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் மென்பொருளின் குரூப்பில் இருப்பவர் ஏறக்குறைய ரூட் அதிகாரமே, அதாவது சர்வரின் முழு அதிகாரமே, பெற்றவர் என்பதால், யாரோ என்றோ சேர்த்த உறுப்பினர் எவர் கண்ணிலும் படாமல் நீடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஓட்டம், மாற்றம் உண்டு என்று மட்டுமே சொல்கிறது, எந்த குரூப் போகிறது என்று காட்டுவதில்லை. ஆகவே ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு சர்வரின் குரூப் பட்டியலையும் எடுத்து வைத்து, பின்னர் ஒப்பிடுகிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

பணியிலிருந்து விலகிய ஒருவரின் வரியைத் தோழர் பிளேபுக்கிலிருந்து, அதாவது ஆன்சிபிளுக்காக நாங்கள் எழுதும் கோப்பிலிருந்து, அழித்தார்; கணக்கோ எல்லா சர்வர்களிலும் அப்படியே இருந்தது. இந்த வேலையில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான்: எழுதாமல் விட்ட கணக்கைப் பற்றி ஆன்சிபிளுக்கு எந்த அக்கறையும் இல்லை, 'ஆப்சென்ட்' (இருக்கக் கூடாது) என்று வெளிப்படையாக எழுதினால் மட்டுமே அது நீக்கும். அப்போதும் அவருடைய சொந்தக் கோப்புகள் உள்ள ஹோம் டைரக்டரி தங்கிவிடும். அதையும் அகற்றத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஹோமை அகற்றினாலும், வேறு இடங்களில் அவர் உருவாக்கிய கோப்புகள் எண்ணைச் சுமந்தபடி கிடக்கும். அதே எண் புதியவருக்குக் கிடைத்தால், பழையவரின் கோப்புகள் அவருடையவை ஆகிவிடும். ஆகையால் விலகியவர்களின் வரிகளை அழிப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவை 'ஆப்சென்ட்' நிலையில், யுஐடியுடன் பிளேபுக்கிலேயே இருக்கும். அந்த எண் இனி யாருக்கும் வழங்கப்படாது.