ஏழு நிமிட இணைப்பும் இரண்டு பயணச்சீட்டுகளும்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் மகனைக் காண அடுத்த மாதம் புறப்படுகிறார். ஃபிராங்க்ஃபர்ட் வரை விமானம், அங்கிருந்து பாசெல் வழியாக இன்டர்லாக்கனுக்கு ரயில். சென்ற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியில் அந்தத் திட்டத்தைக் காட்டினார். பாசெலில் வண்டி மாற 7 நிமிடம் என்றிருந்தது. "ஏழு நிமிசம் போதாதுங்களா?" என்று கேட்டார். நான் நிமிடத்தை விட்டுவிட்டு, "சீட்டு ஒன்றா, இரண்டா?" என்று கேட்டேன். இரண்டு தளங்களில் தனித்தனியாக வாங்கினால் மலிவு என்பது அவர் கணக்கு.

அதே கணக்கைப் போட்டு நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முதல் ரயில் வயல்வெளியில் காரணம் சொல்லாமல் நின்று, 40 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் அடைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடையை அடைந்தபோது, நான் ஏற வேண்டிய வண்டியின் பின்விளக்குதான் தெரிந்தது. பயணச்சீட்டு முகப்பில் இருந்த பெண்மணி என் இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இவை இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள் என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வந்த வண்டிக்கு முழுக் கட்டணம் கொடுத்தேன். முதல் ரயிலின் தாமதம் ஒரு மணி நேரத்தைத் தொடாததால் அதற்கும் இழப்பீடு கிடையாது.

2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, பயணம் முழுவதற்கும் ஒரே சீட்டாக இருந்தால், கடைசியாகச் சேரும் ஊரில் ஏற்படும் தாமதமே கணக்கில் வரும். அது 60 முதல் 119 நிமிடமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதமும் இழப்பீடாகக் கேட்கலாம். கடும் இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இணைப்பு தவறினால் வேறு வண்டியில் கொண்டு சேர்ப்பதும் ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. நம் ரயில்வேயிலும் 2019 முதல் இரண்டு பி.என்.ஆர். எண்களை இணைக்கலாம், ஆனால் இங்கே திரும்பி வருவது பணம்தானே தவிர, அடுத்த வண்டியில் இடம் அல்ல.

இனி நிமிடக் கணக்கு. சுவிட்சர்லாந்துக்குள் 7 நிமிடம் தாராளம், ஏனெனில் 1982 முதல் அங்கு ஒரே இடைவெளியில் வண்டிகள் ஓடுகின்றன. பெரிய சந்திப்புகளில் மணி முழுமையாகும் நேரத்தையும் அரை மணியையும் ஒட்டிப் பல திசை வண்டிகள் வந்து, ஆளை மாற்றிக்கொண்டு கிளம்பும்படி கால அட்டவணையையே அமைத்திருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து உள்ளே வரும் வண்டியை அப்படி நம்ப முடியாது. 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை அங்கே தாமதமாகவே எண்ணுவதில்லை. அப்படி எண்ணியும் 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. சேலம் சந்திப்பில் காத்திருந்து பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி அல்ல. ஏற்காட்டுக்கே போகாத ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி வளர்ந்தவர்கள் நாம்.

நண்பரின் திட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது: விமானம் தாமதமானால் ரயில்காரர்கள் பொறுப்பல்ல. ஜெர்மனியின் மலிவுச் சீட்டு குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். ரயில் தாமதத்தால் 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திச் சேர நேரும் என்றால்தான் அந்தக் கட்டு அவிழ்ந்து வேறு வண்டியில் ஏறலாம். எனவே சற்றுக் கூடுதல் விலையானாலும், எந்த வண்டியிலும் ஏறத்தக்க சீட்டை வாங்கச் சொன்னேன். இன்டர்லாக்கனுக்கான கடைசி வண்டியை இலக்காக வைக்கவே கூடாது என்றும் சொன்னேன்.

ஜெர்மானியச் செயலியில் வண்டி மாறக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் வேண்டும் என்று நாமே குறிக்க இடமிருக்கிறது. அதில் 30 என்று இட்டுத் தேடினோம். ஒரு மணி நேரம் பிந்திச் சேரும் வழி ஒன்று வந்தது. ஒரே சீட்டு, இன்டர்லாக்கன் வரை. விலை வித்தியாசத்தைப் பார்த்து முகம் சுளித்தவர், மகனிடம் கேட்டுவிட்டு வாங்குவதாகச் சொல்லி, இருட்டுவதற்குள் மலையேற வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.