ஊட்டியில் அரசு அலுவலகத்துக்கு மின்சாரக் கார் வாங்கிய அனுபவம்

ஊட்டியில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் வாகனப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டீசல் ஜீப்பைக் கழித்துவிட்டு மின்சாரக் கார் எடுத்த கோப்பு முதல் குறிப்பிலிருந்து கடைசிப் பட்டியல் வரை என் மேஜை வழியாகத்தான் போனது. கார் வந்து ஒரு தென்மேற்குப் பருவமழையையும் ஓர் உறைபனிக் காலத்தையும் பார்த்துவிட்டது. "எப்படிங்க வாங்கினீங்க, மலையில ஓடுதா?" என்று மற்றத் துறைகளிலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்களிடம் இருந்த இரண்டு ஜீப்புகளில் ஒன்று அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தது. பணிமனைச் சான்று, கழிவு ஆணை, பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் ஒப்படைப்பு எல்லாம் வழக்கமான வேலைகள். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

மாற்று வண்டிக்கான கருத்துருவில் மின்சாரக் கார் என்று எழுதினோம். இந்த மலையிலேயே பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தா பக்கம் வரிசையாக அணைகள் நிற்கின்றன. டீசல் மட்டும் கீழேயிருந்து லாரியில் ஏறி வருகிறது. ஏறி வந்த டீசலை மறுபடி இதே சோலைக்காட்டு ஓரமாகப் புகையாக விடுகிறோமே என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறோம். மற்றவர்களை அளவோடு வரச் சொல்லும்போது அரசு வண்டியும் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று கருத்துருவிலேயே எழுதினேன்.

கோப்பு முதல் சுற்றிலேயே "தூரம் போகுமா, மலை ஏறுமா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. நியாயமான கேள்விதான். 2017-ல் மத்திய அரசு சார்ந்த ஈஈஎஸ்எல் நிறுவனம் அரசுத் துறைகளுக்காக 10,000 மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்ட காலத்தில் வந்த கார்களுக்குப் பேட்டரி சிறியது. தூரம் போதவில்லை என்ற பேச்சு அன்று எழுந்தது, இன்னும் பலர் மனதில் அப்படியே இருக்கிறது. ஆனால் மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக வராது, ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு டன் எடையை ஆயிரம் மீட்டர் மேலே தூக்க ஏறக்குறைய 2.7 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆட்களோடு சேர்த்துக் கார் 1.7 டன் என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். தூக்குவதற்கே 9 யூனிட் பக்கம் போய்விடும். சுமார் 50 கிலோமீட்டர் உருளுவதற்கு ஆறேழு யூனிட். 30 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்பி யாரும் மலை ஏற வேண்டாம்.

இறங்கும்போது கணக்கு வேறு. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். இதைத் தாளில் எழுதினால் நம்பமாட்டார்கள் என்று, சோதனை ஓட்டத்துக்கு வண்டி கேட்டு வாங்கி, அலுவலரையே முன் இருக்கையில் உட்காரவைத்துக் குன்னூரிலிருந்து இறங்கினோம். கிளம்பும்போது சார்ஜ் 70 சதவீதம். பர்லியாறு வந்தபோது 74. அவர் ஒன்றும் பேசாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் கோப்பில் கையெழுத்து விழுந்தது.

அதற்குப் பிறகும் எங்கள் டிரைவருக்கு மனசு ஒப்பவில்லை. "மேடம், கியரே இல்லாம கல்லட்டியில எப்படி இறக்குறது? பிரேக்கை மட்டும் நம்பினா மசினகுடி போறதுக்குள்ள லைனர் புகைஞ்சிடும்" என்றார். 36 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இரண்டாம் கியரிலேயே இறக்கிப் பழகியவர் வேறென்ன கேட்பார்? ரீஜென், அதாவது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் அளவைக் கூட்டிவைத்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி இழுத்துப் பிடிக்கும், அதுதான் நமக்கு இரண்டாம் கியர் என்று கம்பெனிக்காரர் ஓட்டியே காட்டினார். ஆனால் டிரைவரின் பயத்தில் ஓர் உண்மை இருந்தது, இதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, இழுத்துப் பிடிப்பதும் குறைந்துவிடும், பாரம் முழுக்க பிரேக்கில் விழும். அதனால் ஊட்டியிலிருந்து கீழே இறங்கும் நாளில் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுகிறோம். சமவெளி அலுவலகத்தில் ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுக் காலையில் நூறில் எடுப்பார்கள். இங்கே அந்தப் பழக்கம் ஆகாது. உறைபனி நாட்களில் பேட்டரி குளிர்ந்து கிடந்தாலும் இதே சிக்கல் வரும். விடியற்காலையில் முடிகிற மாதிரி சார்ஜ் போட்டால் பேட்டரி கொஞ்சம் சூடாக இருக்கும், வண்டியும் ஷெட்டுக்குள் நிற்க வேண்டும்.

வாங்கும் முறையில் பெரிய சிரமம் இல்லை. அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் (GeM) இணையதளத்தில் நேரடியாகவும் வாங்கலாம், மாத வாடகைக்கும் எடுக்கலாம். எங்களிடம் நிரந்தர டிரைவர் இருப்பதால் வாங்கினோம். விலை டீசல் வண்டியைவிடக் கூட. எரிபொருள் செலவைப் பல ஆண்டுக்குப் போட்டுக் காட்டினால்தான் நிதிப் பிரிவு கேட்கும். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம், சார்ஜர் பொருத்தித் தருவது, பழுது வந்தால் மலைக்கு வந்து பார்ப்பது ஆகிய மூன்றையும் கூடுதல் நிபந்தனையாகப் போடுங்கள். மூன்றாவதை விட்டால் ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

உண்மையில் கஷ்டப்பட்டது சார்ஜருக்குத்தான். வண்டி வந்து நிற்கிறது, சார்ஜ் போட வழியில்லை. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்ப் தனி லைன் வேண்டும். எங்கள் கட்டடமோ பழைய கல் கட்டடம், ஹீட்டர் போட்டாலே விளக்கு மங்கும். ஈ.பி.யில் லோடு கூட்ட விண்ணப்பம், அதற்குப் பொதுப்பணித்துறை மின் பிரிவின் மதிப்பீடு, அதற்கு நிதி, அந்த நிதி எந்தத் தலைப்பில் என்று ஒரு கடிதப் போக்குவரத்து. அதெல்லாம் முடிந்து எர்த் குழி தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும், ஏமாற்ற முடியாது. கடைசியில் ஷெட்டுக்குப் பின்னால் மண் ஈரமாக இருக்கும் சரிவில் இரண்டு குழி போட்டு இணைத்த பிறகுதான் பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை 15 ஆம்ப் பாயிண்டில் ராத்திரி முழுக்கப் போட்டு ஓட்டினோம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர் இது; ஜூலையில் சார்ஜை எப்போதும் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

பதிவு எளிது. பேட்டரி வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை என்று 2021-லேயே அறிவிப்பு வந்துவிட்டது. அரசு வண்டிக்கான ஜி வரிசை எண்ணோடு, மின்சார வண்டிக்கான பச்சைப் பலகை மாட்டி வந்தாயிற்று.

பிறகு லாக் புக். அதில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கட்டம் இருக்கிறது. எரிபொருள் செலவுக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, மின் கட்டணத்துக்கு வேறு தலைப்பு. வண்டிக்குப் போன மின்சாரம் கட்டட பில்லுக்குள் கலந்துவிட்டால், நாளை தணிக்கையில் வண்டி எதில் ஓடியது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. சார்ஜர் லைனில் ஒரு துணை மீட்டர் வைத்தோம். புறப்படும்போது சதவீதம், வந்தபோது சதவீதம், மீட்டர் யூனிட், போன ஊர் என்று கட்டம் போட்டுப் புதுப் பக்கம் அச்சடித்து அலுவலரின் ஒப்புதலை வாங்கினோம். 'போன ஊர்' கட்டாயம் வேண்டும். கீழே போய் வந்த நாளின் யூனிட்டையும் கோத்தகிரி போய் வந்த நாளின் யூனிட்டையும் ஊர் தெரியாமல் ஒப்பிட்டால் டிரைவர் மேல்தான் சந்தேகம் வரும். நேர்மையாக ஓட்டுகிறவருக்கு அந்த அவமானம் வரக் கூடாது.

சத்தமில்லாத வண்டி என்பதில் ஒரு கவனம் தேவை. மூடுபனியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சாலை ஓரமாக நடந்து போவார்கள், பின்னால் வண்டி வருவது காதில் விழாது. வளைவில் நிற்கும் காட்டுமாட்டுக்கும் அப்படித்தான். டிரைவர் இப்போது பனியில் இருபதுக்கு மேல் போவதில்லை, வளைவுக்கு முன்பே விளக்கைத் தாழ்த்தி வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.

மீதமுள்ள டீசல் ஜீப்பை இப்போதைக்கு மாற்றச் சொல்லமாட்டேன். கிண்ணக்கொரை, கெத்தை பக்கம் எஸ்டேட் ரோட்டில் மழையில் போக உயரமான ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், ராத்திரி அங்கே தங்கினால் சார்ஜ் போட இடமும் இல்லை. கூடலூர் பயணியர் மாளிகையில் ஒரு சார்ஜர் வைக்கக் கேட்டு எழுதியிருக்கிறோம். அது வந்தால் மாவட்டத்தின் அந்தப் பக்கமும் கார் தாராளமாகப் போகும். அடுத்து எங்கள் கோத்தகிரி கிளைக்கான கருத்துரு தயாராகிறது. அதில் மின் பிரிவின் மதிப்பீட்டையும் எர்த் குழிக்கான இடத்தின் வரைபடத்தையும் வண்டியின் விலைக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.