வேட்கை வேறு, இன்பம் வேறு

இரவில் உறங்கப் போகும் முன் கைப்பேசியை எடுத்து, ஒரு குறுங்காணொளி முடிந்ததும் கட்டைவிரல் தானாக அடுத்ததைத் தள்ளுகிற வேளையில், "இது இப்போது எனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் "இல்லை" என்ற விடையே கிடைக்கும். பிடிக்கவில்லை, ஆனாலும் விரல் நிற்பதில்லை. இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்லி நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். உளவியல் தரும் விளக்கம் வேறு. அதுவே அதிகம் பயன்படக்கூடியது என்பது என் எண்ணம்.

எலியின் நாவில் ஒரு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் பட்டால் அது உதட்டை நக்கிக்கொள்ளும், கைக்குழந்தையும் அப்படித்தான். சுவை பிடித்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். 1980களின் இறுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் மூளையில் டோபமைன் என்ற, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார்கள். டோபமைன்தான் இன்பத்தைத் தருகிறது என்பது அன்றைய பொதுக்கருத்து. (நலவாழ்வுத் துணுக்குகளில் அக்கருத்து இன்றும் நலமாகவே வாழ்கிறது.) அந்த எலிகள், எதிரே உணவு இருந்தும் தாமாகத் தின்னவில்லை, குழாய் வழியே ஊட்ட வேண்டியிருந்தது. ஆனால் சர்க்கரை நாவில் பட்டதும் முன்போலவே உதட்டை நக்கின. சுவைக்கும் இன்பம் குறையவில்லை, அதை நாடிச் செல்லும் வேட்கைதான் போயிருந்தது.

இவ்விரண்டும் தனித்தனியே இயங்கக்கூடியவை என்று தெரிந்தபின், அன்றாட வாழ்வின் பல புதிர்கள் தெளிவடைகின்றன. இன்பம் தேய்ந்த பின்னும் வேட்கை மட்டும் ஓடிக்கொண்டிருப்பதுதான் அந்தக் கட்டைவிரலின் கதை. அதற்கு நேர் எதிரான நிலையைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. தொடங்கிய சிறிது நேரத்திலேயே மனம் ஒன்றிவிடும் வாசிப்பு, நடை, இசைப்பயிற்சி ஆகியவற்றில் இன்பம் நிறையவே இருக்கிறது. தொடங்கும் முன் நம்மை இழுக்கும் வேட்கைதான் இல்லை. "மனம் வந்தால் செய்வேன்" என்று காத்திருப்பவர், வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்.

அப்படியானால் ஊக்கத்தை ஊட்டினால் போதுமா? 2002இல் சாரா மில்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கும் ஊக்கக் கட்டுரையைப் படித்த மாணவர்களின் எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் அடுத்த வாரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 விழுக்காட்டினரே, அக்கட்டுரையைப் படிக்காத குழுவில் 38. அதே கட்டுரையைப் படித்ததோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே செய்யப்போகிறோம் என்று எழுதியும் வைத்தவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தார்கள். இவ்வழியை வகுத்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் விளக்கப்படி, வேளையும் இடமும் முன்பே குறிக்கப்பட்டிருந்தால், அந்தச் சூழலே செயலைத் தூண்டிவிடும். "நாளை படிப்பேன்" என்பதைவிட, "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பேன்" என்பது வலிமையானது. இரண்டு பக்கம் என்ற அளவு அற்பமாகத் தோன்றலாம். தொடங்கிவிட்டால் மற்றதை இன்பம் பார்த்துக்கொள்ளும்.

பரிசு வைத்து ஆசையை வளர்க்கலாமே என்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய குழுவினரும், வண்ணப் பேனாக்களால் விரும்பி வரையும் மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் விட்டபோது, அக்குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஏற்கனவே பிடித்த வேலைக்குக் கூலி பேசுவது ஆபத்தானது. பிடிக்காத வேலைக்குப் பேசுவதில் எனக்கு மறுப்பில்லை.

வேளையும் இடமும் குறித்து வைக்கும் உத்திக்கும் எல்லை உண்டு. பெற்றோருக்காகவோ ஊர் வாய்க்கு அஞ்சியோ சுமந்து திரியும் இலக்குக்கு எத்தனை மணி குறித்து வைத்தாலும் அது பெரிதாக உதவாது. அந்த இடத்தில் ஆராய வேண்டியது நேர அட்டவணையை அல்ல, இலக்கையே.