கந்தகார் புகையும் என் ஆஸ்துமாவும்: மறுக்கப்பட்ட இழப்பீட்டை மறுபடி கேட்டுப் பெற்ற அனுபவம்

ஆப்கானிஸ்தானிலோ ஈராக்கிலோ பணியாற்றிவிட்டு வந்து, மூச்சுக் கோளாறுக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் இழப்பீடு கேட்டு, மறுப்புக் கடிதம் வந்ததும் விட்டுவிட்ட பலரை எனக்குத் தெரியும். அவர்களில் தமிழர்களும் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில், அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. மாணவர் விசாவில் வந்த நான் அந்த வழியாகத்தான் சீருடை அணிந்தேன். அப்படி வந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் பழைய மறுப்புக் கடிதம் கடைசி வார்த்தை அல்ல. 2022-இல் சட்டம் மாறிவிட்டது. ஆனால் பழைய கோப்பை எடுத்து யாரும் தாமாகவே திருத்தித் தரமாட்டார்கள், நாம்தான் மறுபடி கேட்க வேண்டும்.

2011-12-இல் நான் கந்தகார் விமானதளத்தில் சரக்குப் பிரிவில் இருந்தேன். அந்தத் தளத்தில் இருந்தவர்களுக்குக் கழிவுநீர்க் குட்டையின் நாற்றம்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு எரிகுழி. பிளாஸ்டிக் பாட்டில், டயர், பெயிண்ட் டப்பா, பேட்டரி, மருத்துவக் கழிவு என்று எதையும் பிரிக்காமல் திறந்த குழியில் கொட்டி, எரிபொருள் ஊற்றிக் கொளுத்துவார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பிய இரவுகளுக்குப் பிறகு, காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பாக விழும். எல்லோருமே இருமிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் இருந்ததாலேயே யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளவும் இல்லை.

2014-இல் ராணுவத்தை விட்டு வந்தேன். அடுத்த ஆண்டே ஆஸ்துமா என்றார் மருத்துவர். 2016-இல் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன், மறுக்கப்பட்டது. இப்போது நோய் இருக்க வேண்டும், பணிக்காலத்தில் அதற்குக் காரணமான ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைத்து ஒரு மருத்துவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அன்றைய நடைமுறை. நான் எந்தப் புகையை, எவ்வளவு நேரம், எத்தனை தூரத்தில் சுவாசித்தேன் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லாதபோது எந்த மருத்துவர் உறுதியாக எழுதித் தருவார்? நோயாளியின் தலையில் சுமத்தக்கூடாத சுமை அது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

அந்தச் சுமையை இறக்கி வைத்தது பாக்ட் சட்டம். ஈராக்கில் பணியாற்றித் திரும்பி, 2020-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒஹையோவைச் சேர்ந்த ஹீத் ராபின்சன் என்ற படைவீரரின் பெயரைத் தாங்கிய சட்டம். 2022 ஜூலை இறுதியில் செனட்டில் அது முட்டி நின்றபோது முன்னாள் வீரர்கள் கேபிடால் படிக்கட்டுகளில் இரவும் பகலும் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86-க்கு 11 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 10-ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்டார்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலோ, 1990 ஆகஸ்ட் 2-க்குப் பிறகு ஈராக், குவைத், சவுதி அரேபியா போன்ற இடங்களிலோ பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது அங்கிருந்த நச்சினால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். பணிக்குப் பிறகு கண்டறியப்பட்ட ஆஸ்துமா, நாள்பட்ட சைனஸ் அழற்சி, சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பல வகைப் புற்றுநோய்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எரிகுழிக்கு எவ்வளவு அருகில் இருந்தோம் என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தேன் என்பதற்கான பணி ஆவணமும் நோய்க்கான மருத்துவப் பதிவும் போதும்.

எனக்கு வழிகாட்டியவர் எங்கள் மாவட்ட முன்னாள் வீரர் அலுவலகத்தில், விண்ணப்பங்களுக்கு உதவ அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி, அவரும் முன்னாள் வீரர்தான். இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. முதல் விண்ணப்பத்துக்கே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், அப்படிக் கேட்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஏற்கெனவே மறுக்கப்பட்டிருந்த ஆஸ்துமாவுக்குத் துணை விண்ணப்பம், சைனஸுக்குப் புது விண்ணப்பம் என்று அவர் பிரித்துப் போடச் சொன்னார். 2023 ஆகஸ்ட் 14-க்குள் இரண்டையும் போட்டுவிட்டதால், சட்டம் கையெழுத்தான நாளிலிருந்தே கணக்கிட்டு நிலுவைத் தொகை வந்தது. அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. இனிப் போடுபவர்களுக்குப் பொதுவாக விண்ணப்பம் போட்ட தேதிதான் கணக்கு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. ஒப்பந்த அடிப்படையில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கவ்வி, காற்றை முழுக்க இழுத்து ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். "இன்னும், இன்னும், நிறுத்தாதீர்கள்" என்று பரிசோதனை செய்யும் பெண் சொல்லிக்கொண்டே இருப்பார், கண்முன் பூச்சி பறக்கும். பிறகு இன்ஹேலர் கொடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்து எடுத்துக்கொண்டிருந்ததால் என் அளவுகள் ஏறக்குறைய சரியாகவே வந்தன. பரிசோதகர் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஆஸ்துமாவுக்கான விதியில், அன்றாடம் இன்ஹேலர் தேவைப்பட்டாலே 30 சதவீதப் பாதிப்பு (இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் அளவு) என்று இருக்கிறது. ஊதும் அளவு நன்றாக இருந்தாலும் அது பொருந்தும். மருந்துக் கடையிலிருந்து வாங்கிய பல ஆண்டுப் பட்டியலை முன்பே கோப்பில் சேர்த்திருந்தோம், அதுதான் கைகொடுத்தது. சைனஸுக்கும் அப்படித்தான். தலைவலியும் சீழும் வந்த நாட்களைச் சமையலறைக் காலண்டரில் என் மனைவி குறித்து வைத்திருந்தாள். அந்தத் தாள்களின் நகலையும் கொடுத்தோம்.

ஆஸ்துமாவுக்கு 30, சைனஸுக்கு 10 கிடைத்தது. இரண்டையும் அப்படியே கூட்டமாட்டார்கள். 30 போக மீதமுள்ள 70-இல் 10 சதவீதம் 7. ஆக 37, அதை 40 ஆக்குவார்கள். 30-ஐத் தொட்டாலே மனைவி, பிள்ளைகளுக்கான கூடுதல் தொகையும் உண்டு. மருத்துவச் செலவும் இந்த நோய்களுக்கு இனி என் கையிலிருந்து போகாது.

தூக்கத்தில் மூச்சு நின்று வரும் கோளாறும் எனக்கு உண்டு. அது பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நோயாக இருந்தாலும், நச்சுச் சூழலில் பணியாற்றியதற்கும் நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்பதற்கு ஓரளவு அறிகுறி இருந்தால், நலத் துறை தன் செலவில் மருத்துவக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். "தொடர்பு இருப்பதற்கு இல்லாததற்குச் சமமான வாய்ப்பாவது உண்டு" என்று மருத்துவர் எழுதினால் போதும், முழு உறுதி தேவையில்லை.

இதற்குச் சாட்சிக் கடிதம் கேட்டு, கந்தகாரில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பனுக்குப் பல ஆண்டுகள் கழித்து ஃபோன் செய்தேன். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினான். என் குறட்டை திடீரென்று நின்றுபோகும் இரவுகளில் எழுந்து உட்கார்ந்து, என் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பானாம். ஒருமுறை பயந்து தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். இது எதையும் அவன் என்னிடம் அப்போது சொன்னதில்லை. அவனுக்கும் விடாத இருமல் இருக்கிறது, பரிசோதனைக்கே போகவில்லை என்றான். அன்று மாலையே அவன் ஊரில் உள்ள பிரதிநிதியின் எண்ணைத் தேடிக் கொடுத்தேன்.

தூக்கக் கோளாறுக்கான விண்ணப்பம் முதல் முடிவில் மறுக்கப்பட்டது. முதலில் விண்ணப்பித்த தேதியை இழக்காமல் இருக்க, அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அடுத்த படிக்குப் போக வேண்டும். மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பை மறுபடி பார்க்கும் மேல்நிலை மறுஆய்வு கேட்டால் புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. அதனால் என் தூக்க மருத்துவரின் கருத்தோடு துணை விண்ணப்பமாகவே போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.