வக்கீல் வேட்புமனு போட்டாலும் மூன்று மணிக்கு மேல் வாய்தா கிடையாது

பாரிமுனையில் பதினைந்து வருஷம் வழக்காடியவர் சட்டமன்றத்துக்கு நிற்கிறார் என்றால், மனு வேலையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. "அண்ணனே வக்கீல்தானே" என்று விட்டுவிடுவார்கள். வடசென்னைத் தொகுதிகளில் இந்த வேலைக்குக் கூட நின்று பார்த்தவரை, சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோர்ட்டில் குறையுள்ள மனு ரிட்டர்ன் ஆகும், திருத்தி மறுபடி போடலாம், மீதியைக் குமாஸ்தா பார்த்துக்கொள்வார். இங்கே அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஒரு வாரம்தான். அதிலும் விடுமுறை நாள் போக, காலை 11 மணி முதல் மதியம் 3 மணி வரை மட்டும்.

முதலில் முன்மொழிபவர்கள். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் பெற்ற கட்சிக்காரருக்கும் 10 பேர் வேண்டும். 10 பேருமே அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வடசென்னையில் இதுதான் பெரிய தலைவலி. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்ற ஊர்ப்பெயரை வைத்துத் தொகுதியை முடிவு செய்யக்கூடாது. பக்கத்துத் தெரு வேறு தொகுதியாக இருக்கும். குடிசை மாற்று வாரிய வீடு ஒதுக்கி நகரின் தெற்கே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில்தான் இருப்பார்கள், ஓட்டு புது வீட்டு முகவரிக்குப் போயிருக்கும். கையில் இருக்கும் வாக்காளர் அட்டையை நம்பாமல், நடப்புப் பட்டியலில் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நேரடியாகப் பார்த்து எழுத வேண்டும். பட்டியல் திருத்தப்படும்போது இரண்டுமே மாறும்.

எண்ணில் சின்ன எழுத்துப்பிழை இருந்தால் அதைத் திருத்த அனுமதிக்கும் அதிகாரம் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உண்டு. கையெழுத்துப் பிரச்சினைக்கு அந்தச் சலுகை இல்லை. 2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இதனால்தான். முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்து இல்லை என்றார்கள். பத்தில் ஒன்று விழுந்தாலும் அந்த மனு போச்சு. ஒரு வேட்பாளர் 4 மனுக்கள் வரை போடலாம், டெபாசிட் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு மனுவுக்கும் வேறு வேறு 10 பேரைப் பிடியுங்கள். நாலு மனுவிலும் அதே பத்துப் பேர் என்றால் நாலு போட்டதில் அர்த்தமே இல்லை. கைநாட்டு வைக்கும் பெரியவர்களை வீட்டிலேயே உருட்டவைத்துக் கொண்டுபோகக்கூடாது. அலுவலர் அல்லது அவர் நியமித்த அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும், ஆட்டோ பிடித்து அழைத்துப் போங்கள்.

வேட்பாளருக்கு ஓட்டு தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியிலும் இருக்கலாம், வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். வீடு மாதவரத்தில், நிற்பது ராயபுரத்தில் என்றால் பட்டியலின் சான்றிட்ட நகல் தேவை. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பொதுத்தொகுதியில் நின்றாலும் அவர்களுக்கு 5,000தான், சாதிச் சான்றிதழ் வேண்டும். செக் வாங்க மாட்டார்கள். சில்லறை மூட்டையோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ள ஆசை இருந்தால் கடைசி நாளில் வேண்டாம், எண்ணி முடிப்பதற்குள் மணி ஓடிவிடும்.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, வக்கீல்கள் அலட்சியமாக நிரப்பும் இடம். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது, 'இல்லை', 'பொருந்தாது' என்று ஏதாவது எழுதியே ஆகவேண்டும். காலியாக விட்டதை நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட் புறக்கணிப்பு, மறியல் என்று போன இடங்களில் பதிவான எஃப்.ஐ.ஆர்.களை மறந்துவிடுவார்கள். ஸ்டேஷன் வாரியாக உட்கார்ந்து பட்டியல் எடுக்க வேண்டும். நிலுவை வழக்கு இருந்தால் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் தர வேண்டும், அந்தச் செலவும் கணக்கில் வரும். வழக்குக்காகக் கட்சிக்காரர் கொடுத்த பணம் வக்கீலின் சொந்தக் கணக்கில் கிடந்தால் இருப்புத் தொகை அப்படியே காட்டப்படும், பிறகு கேள்வி வரும். அதை முன்பே பிரித்து வைப்பது நல்லது. அரசு வழக்கறிஞர் பொறுப்பில் இருந்தவர் ராஜினாமா ஏற்கப்பட்ட உத்தரவைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஆதாயப் பதவி, அதாவது அரசுப் பணம் பெறும் பதவியில் இருப்பவர் நிற்க முடியாது என்று எதிர்த்தரப்பு கிளப்பும்.

தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கை மனு போடுவதற்கு ஒரு நாளாவது முன்பு தொடங்க வேண்டும். உச்சவரம்பு 40 லட்சம்.

எல்லாரும் மறப்பது, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பு எடுக்க வேண்டும். கடைசி நாளில் மனு போட்டால் பரிசீலனை மறுநாளே வரும், அதனால் அறையை விட்டு வெளியே வருவதற்குள் முடித்துவிடுங்கள். முன்கூட்டியே வீட்டில் எழுதி வைத்தது செல்லாது.

பரிசீலனைக்கு வேட்பாளர், ஏஜென்ட், முன்மொழிபவர் ஒருவர், எழுத்தில் அதிகாரம் பெற்ற இன்னொருவர், இத்தனை பேர்தான் போகலாம். ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல அடுத்த நாளோ, அதற்கு மறுநாளோ வரை அவகாசம் கேட்க முடியும். இந்த வேலையில் கிடைக்கும் ஒரே வாய்தா அதுதான், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தள்ளுபடியானதும் ஹைகோர்ட்டில் ரிட் போட ஓடுவது வக்கீல் புத்தி. மனு தள்ளுபடியை எதிர்த்து நாமக்கல் பொன்னுசாமி போட்ட வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. முடிவு வந்து 45 நாளுக்குள் தேர்தல் வழக்குத்தான் வழி.

ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளில் செலவுக் கணக்கு கொடுக்காவிட்டால் 3 ஆண்டு தகுதி நீக்கம் வரலாம். பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் டெபாசிட் திரும்பும்.

ஜெயித்தவர் கோட்டைக்குப் போனாலும் கவுனைக் கழற்ற வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர் வழக்காடத் தடையில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சபை நடக்கும் நாளில் வழக்கு லிஸ்டில் வரும் என்பதால், பழைய வழக்குகளின் வக்காலத்தில் ஜூனியர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.