பழைய பிரவுனிங்குக்கு ஜாதகம் எழுதுவது

"எம்டன் குண்டு போட்ட வருஷம் தாத்தா வாங்கினது." வட சென்னையில் ஒரு பழைய பிஸ்டலைப் பற்றி விசாரித்தால் முதலில் கிடைக்கும் தகவல் இந்த ரகமாகத்தான் இருக்கும். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் துறைமுகத்து எண்ணெய் டாங்கி எரிந்ததைப் பார்த்த தலைமுறை எதற்கெடுத்தாலும் அந்த இரவையே கணக்காக வைத்துக்கொண்டது. கல்யாணம், பிரசவம், வீடு மாறியது எல்லாமே எம்டனுக்கு முன், இல்லாவிட்டால் எம்டனுக்குப் பின். தாத்தா சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், தேதியாக மட்டும் எழுதிவிடாதீர்கள். தேதியைப் பிஸ்டல்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரே வருஷமாகச் சொல்லாது. இந்த வருஷத்துக்கு முன் இருக்க வழியில்லை, அந்த வருஷத்துக்குப் பின் இருக்க வழியில்லை என்று இரண்டு வேலி போட்டுத்தான் சொல்லும். அந்த வேலிகளை நெருக்கிக்கொண்டு வருவதுதான் இந்த வேலை முழுவதும்.

இங்கே எடுத்துக்கொள்வது எஃப்.என். பிரவுனிங் 1900. எஃப்.என். என்பது பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டிய ஹெர்ஸ்தாலில் 1889இல் தொடங்கிய ஃபாப்ரிக் நாசியோனால் என்ற தொழிற்சாலை. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளரான ஜான் பிரவுனிங்குடன் 1897இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1899இல் உற்பத்தி தொடங்கியது. 1900இல் பெல்ஜிய ராணுவம் ஏற்றுக்கொண்டது, அதனால்தான் அந்தப் பெயர். இன்று நாம் .32 என்று சொல்லும் 7.65 மி.மீ. தோட்டா பிறந்ததும் இந்தப் பிஸ்டலோடுதான். முதல் உலகப் போர் வருவதற்குள் சுமார் 7 லட்சம் செய்து தள்ளிவிட்டார்கள். ஆகவே 1900 மாடல் என்ற ஒரே காரணத்தால் எதுவும் அபூர்வமாகிவிடாது. சேகரிப்பாளர்கள் தேடுவது ராணுவம் ஏற்பதற்கு முன் வந்ததையும், அதை ஒட்டி வந்த சிறிய எண்களையும்தான். பிடியின் கீழே கயிறு கோக்கும் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளையம் பின்னால் சேர்ந்தது, ஆரம்பத்தவற்றில் கிடையாது. இல்லை என்றதும் குதிக்கவும் வேண்டாம். வளையத்தை அறுத்து, அந்த இடத்தை அரம் போட்டு வழித்த பிஸ்டலும் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரம் ஓடிய கோடு தெரியும்.

தொடுவதற்கு முன் சட்டம். லைசன்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கூடவே இருக்க வேண்டும், அவர் வீட்டிலேயே வேலை முடிய வேண்டும். லைசன்ஸ்தாரர் காலமாகிவிட்டார் என்றால் படம் எடுக்கும் பேச்சே வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு தன் பேரில் விண்ணப்பிக்கட்டும். பீரோவில் சும்மா கிடக்கட்டும் என்று விடுவது குற்றம். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. தேய்ந்த எண்ணைக் கொஞ்சம் தெளிவாக வெட்டித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் அந்த உதவியை அங்கேயே நிறுத்துங்கள். நூறு வருஷம் தாண்டிய சரித்திர மதிப்புள்ள பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்பும் யோசனையும் எழக்கூடாது.

அடுத்தது காலி என்று உறுதி செய்வது. பிடியின் அடியில் இருக்கும் கொக்கியைத் தள்ளி மேகசினை முதலில் கழற்ற வேண்டும். பிறகு ஸ்லைடை, அதாவது மேலே முன்பின் நகரும் பகுதியை, இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவ வேண்டும். வரிசை மாறினால், அதாவது மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டால், தோட்டா ஒன்று அறைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மேகசினை அதற்குப் பிறகு கழற்றினாலும் அது அங்கேயே இருக்கும். இந்தப் பிஸ்டலில் இன்னொரு ஏமாற்று உண்டு. குழலுக்கு மேலே இருக்கும் சுருள் வில்லே, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிக்கும் வில்லாக வேலை செய்கிறது. இரண்டையும் இணைக்கும் நெம்புகோல், ஊசி தயார்நிலையில் இல்லாதபோது குறி பார்க்க உதவும் பின் குறியை மறைத்துக்கொண்டு நிற்கும். குறி மறைந்திருக்கிறது, எனவே காலி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வில்லின் நிலையைக் காட்டுமே தவிர, அறையில் தோட்டா இருக்கிறதா என்று காட்டாது. வெறுமனே டிரிகரை அழுத்திப் பார்ப்பதும் கூடாது, நூறு வயது ஊசி ஒடிந்தால் பதிலுக்கு ஊசி கிடைப்பது பெரும்பாடு.

அளவுகள் சட்டென்று முடியும். குழல் சுமார் 102 மி.மீ., காலி எடை சுமார் 625 கிராம், மேகசினில் 7 தோட்டா. வெர்னியர் அளவுக் கருவியின் தாடைகளில் செல்லோடேப் ஒட்டிக்கொண்டு அளந்தால் கீறல் விழாது. எடை பார்க்க நகைக்கடைத் தராசு வேண்டியதில்லை, சமையலறை டிஜிட்டல் தராசே போதும்.

படத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். இடம், வலம், மேல், கீழ், முன், பின் என்று ஆறு முழுப் படம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முத்திரைக்கும் தனிப் படம், ஒவ்வொன்றிலும் மி.மீ. அளவுகோல் தெரிய வேண்டும். பின்னணிக்குச் சாம்பல் நிறத் துணி. நிறைய பேர் நகைக்கடை ஞாபகத்தில் சிவப்பு வெல்வெட் விரிக்கிறார்கள். அந்தச் சிவப்பு, இரும்பின் மேல் இருக்கும் நீலப்பூச்சில் பிரதிபலித்து, மாறிய நிறமா மூல நிறமா என்று சொல்ல முடியாமல் செய்துவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தை டிரேசிங் பேப்பர் வழியாக விடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி, எஃப் 8 அல்லது 11, குறைந்த ஐ.எஸ்.ஓ., 2 நொடி டைமர். எழுத்துகளுக்கு மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போல் 10, 15 டிகிரி சாய்வில் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகூட நிழலோடு எழுந்து நிற்கும். எழுத்துக்குள் சாக்பீஸ் பொடி தேய்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். பொடி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ராயபுரத்து உப்புக் காற்றில் அந்த எழுத்திலிருந்தே துரு தொடங்கும்.

இப்போது முத்திரைகள். சரக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் லியேஜ் சோதனைச் சாலை 1672இலிருந்து இயங்குகிறது. அதன் முத்திரை ஒரு நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ரோமன் எழுத்துகளும் கீழே ஒரு நட்சத்திரமும். 1893இலிருந்து அந்த நீள்வட்டத்தின் தலையில் ஒரு கிரீடமும் சேர்ந்தது. எனவே 1899க்குப் பிந்தைய இந்தப் பிஸ்டலில் கிரீடம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது முத்திரையே போலி. அடுத்து, ஒற்றை எழுத்து ஒன்று தென்படும். அது சோதித்த அதிகாரியின் அடையாளம். இதை ஆண்டு எழுத்து என்று நினைத்துக்கொண்டு தேதி சொல்வதுதான் நான் பார்த்தவற்றிலேயே அதிகம் நடக்கும் தவறு. லியேஜில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1922இல்தான் தொடங்கியது, அதற்குள் இந்த மாடலின் உற்பத்தியே நின்றுவிட்டது. உண்மையான ஆண்டு எழுத்து ஒரு 1900 மாடலில் இருந்தால், அது பிறந்த வருஷம் அல்ல, பிற்பாடு திரும்பச் சோதனைக்குப் போன வருஷம்.

பாதுகாப்புப் பூட்டின் பக்கத்தில் பிரெஞ்சில் 'ஃப்யூ', 'ஸூர்' என்று இருக்கும். முதலாவது சுடும் நிலை, இரண்டாவது பத்திர நிலை. ஸ்லைடில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும், பிரவுனிங் காப்புரிமை என்பதும், கடைசியில் எஸ்.ஜி.டி.ஜி. என்ற நான்கு எழுத்தும். உத்தரவாதம் இல்லாத பொருள் என்று இதற்கு அர்த்தம் சொல்லுவோர் உண்டு. காப்புரிமை கொடுத்த அரசு அந்தக் கண்டுபிடிப்புக்கு உத்தரவாதம் தரவில்லை என்பதுதான் அதன் பொருள், பிஸ்டலின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிப் படியுங்கள். சீனத்திலும் வடமேற்கு எல்லைப்புறத்திலும் இந்த மாடலைக் கையால் நகலெடுத்தவர்கள் பிரெஞ்சு தெரியாமல் எழுத்துகளைப் படம் மாதிரி வரைந்தார்கள். தலைகீழான எழுத்து, விட்டுப்போன எழுத்து, ஒரே சொல் இரண்டு முறை எல்லாம் நகலின் கையெழுத்து.

பிஸ்டலின் உடல் சட்டத்திலும் (ஃபிரேம்) ஸ்லைடிலும் உள்ள எண் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணை ஆண்டாக மாற்றும் பட்டியல்களை நான் கடைசியாகத்தான் திறப்பேன். அதைவிட உறுதியானது தேதி தெரிந்த சம்பவம். 1909 அக்டோபர் 26 அன்று சீனாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபூமியைக் கொரியாவின் ஆன் ஜுங் குன் சுட்டது இதே மாடலால், அதன் எண் 262336. உங்கள் கையில் இருப்பது அதற்குக் கீழான எண் என்றால், அநேகமாக அந்தத் தேதிக்கு முன் செய்தது என்று எழுதலாம். 'அநேகமாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், எண்கள் வெளியேறிய வரிசை கடிகார முள் மாதிரி ஓடியதில்லை. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பிரின்சிப் பயன்படுத்தியதும் 1900 மாடல்தான் என்று பலர் எழுதினார்கள். வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் இருப்பதோ 1910 மாடல், எண் 19074. உலகப் போரையே தொடங்கிவைத்த பிஸ்டலுக்கே இந்தக் கதி. நம் ஊரில் பழைய பிரவுனிங் எதைக் கண்டாலும் மணியாச்சியையும் 1911ஐயும் கூட்டிவரும் பழக்கம் உண்டு. வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியப் பிரவுனிங் என்பதற்காக எல்லாப் பெல்ஜியப் பிரவுனிங்கும் அவருக்குச் சொந்தமாகாது.

உள்ளூரில் வெட்டிய எழுத்துகள் நமக்கு மட்டும் கிடைக்கும் வேலி. வெளிநாட்டுக்காரருக்கு இவை புரியாது. எம் அண்ட் எஸ்.எம். ரயில்வேயின் சுருக்கம் இருந்தால், அந்த எழுத்து 1908க்குப் பின் வெட்டியது, அந்த வருஷம்தான் மெட்ராஸ் ரயில்வே சதர்ன் மராட்டாவோடு இணைந்தது. பி அண்ட் சி என்று இருந்தால் 1920க்குப் பின், பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் அப்போதுதான் ஒன்றாயின. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் (போர்ட் டிரஸ்ட்) பெயர் 1905க்கு முன் வர வழியில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இவை எழுத்து வெட்டிய காலத்தைத்தான் கட்டுப்படுத்தும், பிஸ்டல் அதற்குப் பத்து வருஷம் மூத்ததாக இருக்கலாம்.

ஆள் பெயரோ கடைப் பெயரோ வெட்டியிருந்தால், அசைலம் பிரஸ் பஞ்சாங்கம் என்ற பழைய மெட்ராஸ் டைரக்டரியில் வருஷம் வருஷமாகப் பாருங்கள். ஒரு பெயர் எந்த வருஷம் தோன்றி எந்த வருஷம் மறைகிறது என்பது இன்னொரு ஜோடி வேலி. கன்னிமாரா நூலகத்திலும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. ஆகவே ஒரு வெள்ளைக்கார ரயில்வே அதிகாரி வைத்திருந்த பிஸ்டலுக்கு அந்தக் காலத்து லைசன்ஸ் இல்லையென்றால் காகிதம் தொலைந்தது என்று அர்த்தமல்ல, காகிதமே இருந்திருக்காது.

வீட்டில் இருக்கும் லைசன்ஸ் புத்தகத்தை இரண்டு பக்கமும் படம் எடுங்கள், வெற்றுப் பக்கங்கள் உட்பட. புதுப்பித்த ரப்பர் ஸ்டாம்ப் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுத் தருவார்கள், போடாதீர்கள். சூட்டில் மை கரையும், பிறகு எந்தக் காலத்திலும் உரிக்க முடியாது. புத்தகத்தில் ரிவால்வர் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், குமாஸ்தாவுக்கு எல்லாம் ரிவால்வர்தான். எண் ஒரு இலக்கம் மாறியிருந்தால் அது வேறு விஷயம். லைசன்ஸ் கொடுத்த அதிகாரியிடம் எழுத்து மூலம் திருத்த வேண்டும், கைப்பேனாவால் அல்ல.

பூச்சு மூலமா என்று தெரிய, துப்பாக்கி பழுதுபார்க்க லைசன்ஸ் உள்ள ஆர்மரரைக் கொண்டு பிடித்தகடுகளைக் கழற்றுங்கள். தகட்டின் கீழே வெளிச்சமும் வியர்வையும் படாத இடத்து நீலம்தான் சாட்சி. வெளியே பளபளப்பு, உள்ளே மங்கல் என்றால் மேலே மறுபூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிஸ்டலில் விளிம்புகள் மழுங்கியிருக்கும், திருகுத் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும், எழுத்தின் ஒரு பக்கம் ஆழமும் மறுபக்கம் ஆழமின்மையுமாக இருக்கும். குரோம் அடித்துவிட்டால் சேகரிப்பு மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்லைடையும் அதனுள் இருக்கும் பூட்டுக்கட்டையையும் இணைக்கும் இரண்டு பெரிய திருகுகளைக் கவனியுங்கள். காடி சிதைந்திருந்தால், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உள்பாகம் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு.

பிடித்தகடு எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுகிய ரப்பர். வெயிலில் கருப்பு பழுப்பாகும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் நிறம் இன்னும் கெடும். உலர்ந்த துணி போதும். இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாள்பட அது காறிப் பிசுக்காகி வில்லைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, வெளியே மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு. தோல் உறையில் வைக்கவே கூடாது, தோல் பதனிட்ட அமிலம் ஒரு மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருவேற்றும். உறையைத் தனியாக வையுங்கள், அதுவும் ஆவணம்தான். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும், 50 சதவீதத்துக்கு மேல் ஏறாமல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாரம் ஒரு முறை பாருங்கள்.

பதிவுத்தாளில் கண்டது, கேட்டது, கருதுவது மூன்றுக்கும் தனித்தனி இடம் விடுங்கள். கண்டதில்: 'எண் 262336க்குக் கீழ், வளையம் இல்லை, அரம் ஓடிய தடமும் இல்லை, கிரீட முத்திரை உண்டு, இடது பக்கம் எம் அண்ட் எஸ்.எம். வெட்டு.' கேட்டதில்: 'எம்டன் வருஷம் வாங்கியது, பேரன் சொன்னது.' கருதுவதில்: 'செய்தது 1899க்கு முன் அல்ல, அநேகமாக 1909 அக்டோபருக்கு முன்; எழுத்து வெட்டியது 1908க்குப் பின்.' இணையத்தில் போடும்போது எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்து, படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். முழு எண் உள்ள பிரதி ஒன்று லைசன்ஸ்தாரரிடம், ஒன்று வேறு வீட்டில். பிஸ்டல் இருக்கும் பெட்டிக்குள் ஒன்றுகூட வேண்டாம்.